வாடிக்கையாளர் போன பிறகும் ஏஐ கேட்டுக்கொண்டிருக்கிறது: ஆன்லைன் மீட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூட்டை எடுக்க மறப்பது, கேமராவுக்கு முன்னால் கொட்டாவி விடுவது போன்றவற்றை விட்டுவிடலாம். இரண்டு மீட்டிங்கில் தானாகச் சரியாகிவிடும். ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் மூன்றிலும் உள்ள வசதிகளைச் சரியாக அறியாததால் நேரும் தவறுகளே இப்போது அதிகம் படுத்துகின்றன.

ஏஐ குறிப்பை ஓடவிட்டு உள்விஷயம் பேசுவது

விற்பனைக் குழு வாடிக்கையாளரோடு பேசி முடிக்கிறது. அவர் விடைபெற்றுப் போகிறார். "நம்மாளுங்க மட்டும் ஒரு நிமிஷம் இருங்க" என்கிறார் குழுத்தலைவர். எவ்வளவு தள்ளுபடி வரை இறங்கலாம், எந்த வேலையைத் தள்ளிப்போடலாம் என்று அதே மீட்டிங்கில் பேச்சு தொடர்கிறது. முடிந்த சிறிது நேரத்தில், பேச்சைக் கேட்டு ஏஐ எழுதிய சுருக்கம் எல்லோருக்கும் போகிறது, வாடிக்கையாளருக்கும்தான். தள்ளுபடி வரம்பு அதில் தனிப் புள்ளியாகவே இருக்கிறது.

இதை இன்னும் பலர் செய்கிறார்கள் என்பது ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் தடுப்பது அவ்வளவு எளிது. குறிப்பெடுக்கும் ஏஐக்கு யார் வெளியேறினார்கள் என்பது பொருட்டே இல்லை. நிறுத்தும்வரை, அல்லது மீட்டிங் முடியும்வரை, பேசுவதெல்லாம் அதற்கு ஒரே உரையாடல். சுருக்கம் யாருக்குப் போக வேண்டும் என்பது வேறொரு அமைப்பு. ஜூமிலும் மீட்டிலும் நடத்துபவருக்கு மட்டும், அழைக்கப்பட்ட அனைவருக்கும் என்பது போன்ற தெரிவுகள் உண்டு. பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. பகிர்வை 'நடத்துபவருக்கு மட்டும்' என்று மாற்றிவையுங்கள். படித்துத் திருத்திய பிறகு நீங்களே அனுப்பலாம். வெளியாட்கள் இருந்த மீட்டிங்கை, 'வெளியேறு' என்பதை அழுத்தாமல், 'அனைவருக்கும் முடி' என்று கொடுத்து மூடுங்கள். நடத்துபவர் வெறுமனே வெளியேறினால் மற்றவர்களோடு மீட்டிங் தொடரும், குறிப்பும் ஓடக்கூடும். உள்பேச்சுக்கு முன்கூட்டியே வேறொரு லிங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் கைமீறிவிட்டதா? மீட் குறிப்பு கூகுள் டாக்ஸ் ஆவணமாக இருப்பதால் பகிர்வை உடனே நீக்கலாம். சுருக்கம் மின்னஞ்சலுக்குள்ளேயே போயிருந்தால் திரும்பப் பெற வழியில்லை.

உள்விஷயம் கசிய இன்னொரு வாசலும் இருக்கிறது. குறிப்பெடுக்கும் வெளி நிறுவனத் தானியங்கி நிரல் (பாட்) ஒன்றை யாரோ ஒருவர் தன் காலண்டரோடு இணைத்திருப்பார். அவர் வராத மீட்டிங்குக்கும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். லாபியில், அதாவது அனுமதிக்குக் காத்திருக்கும் இடத்தில், அறிமுகமில்லாத பெயர் நின்றால் அனுமதிக்காதீர்கள். உள்ளே வந்துவிட்டால் நீக்குவதோடு நிற்காமல், இணைத்தவரிடம் சொல்லிக் காலண்டர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமும் வரும்.

சுருக்கத்தைப் படிக்காமல் அனுப்புவது

"வெள்ளிக்குள் முடியாது" என்று சொன்னது "வெள்ளிக்குள் முடிப்பார்" என்று மாறி வரலாம். ஒரே அறையில் ஐந்து பேர் ஒரு மைக்கில் பேசினால், ஐந்து பேரின் வாக்குறுதியும் மடிக்கணினிக்காரரின் பெயரில் ஏறக்கூடும். பேசும் மொழி தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் எழுத்துப்பதிவு முழுக்கக் குப்பைதான், தொடக்கத்திலேயே பாருங்கள். தேதி, தொகை, பொறுப்பாளர் பெயர் மூன்றையும் சரிபார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

ஒரு நாளைக்கு வருபவரைத் தொடர் மீட்டிங்கில் சேர்ப்பது

அழைப்பைத் திருத்தும்போது 'இந்த நிகழ்வு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டீம்ஸில் முழுத் தொடருக்கும் சேர்த்துவிட்டால் அவர் அந்தச் சாட்டிலேயே தங்கிவிடுவார், பிற்பாடு நடப்பதெல்லாம் கண்ணில் படும்.

ரெக்கார்டிங் என்றென்றும் இருக்கும் என நம்புவது

டீம்ஸ் ரெக்கார்டிங்குக்கு, நிர்வாகி மாற்றாத வரை, 120 நாள்தான் ஆயுள். தேவையானதைக் காலாவதித் தேதி மாற்றியோ தரவிறக்கியோ வையுங்கள்.

ப்ரேக்அவுட் அறைகளும் பதிவாகும் என எண்ணுவது

மீட்டிங்குக்குள் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசும் அறைகள் இவை. ஜூமின் சர்வரில் சேமிக்கும் கிளவுட் ரெக்கார்டிங்கில் பொதுவாக முதன்மை அறை மட்டுமே பதிவாகும்.

வீடியோவை ஒலியில்லாமல் காட்டுவது

ஸ்கிரீன் ஷேர் சாளரத்திலேயே ஒலியைப் பகிரும் தெரிவு இருக்கிறது. ஷேர் செய்யும் முன் டிக் செய்யுங்கள்.

ப்ளூடூத் ஹெட்செட்டை மைக்காகவும் வைப்பது

பாட்டு கேட்கும்போது துல்லியமாக இருந்த ஹெட்செட், மீட்டிங்கில் பழைய தொலைபேசி போல ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இணைய வேகம் காரணமில்லை. மைக் இயங்கத் தொடங்கியதும் ப்ளூடூத் பொதுவாக ஸ்டீரியோ முறையிலிருந்து அழைப்புக்கான மோனோ முறைக்கு மாறிவிடும். ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும், மைக்குக்கு மடிக்கணினியின் மைக்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். கேட்பது உடனே தெளியும். சுற்றுச் சத்தம் அதிகமான இடமென்றால் கம்பியுள்ள ஹெட்செட்டே மேல்.