கரம் விளையாட்டில் குறி பார்க்க ஒரு முறை

வன்னியின் சனசமூக நிலையங்களில் கரம் பழகுவோரில் பலர், காயின் எந்தப் புள்ளியில் அடிபட வேண்டுமோ அந்தப் புள்ளியையே நோக்கி ஸ்ட்ரைக்கரை (காய்களை அடிக்கும் பெரிய வட்டை) செலுத்துகிறார்கள். சாய்வான அடிகளில் இது பிழைக்கும். ஸ்ட்ரைக்கர் காயின் நடுவை நெருங்கி மோதுவதால், காய் வேண்டிய அளவு விலகாமல் குழியைத் தவறவிடுகிறது.

அதற்குப் பதிலாக, மோதும் கணத்தில் ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கும் என்பதைக் கற்பனை செய்து, அந்த இடத்தின் மையத்தைக் குறி பாருங்கள். ஸ்ட்ரைக்கரின் விட்டம் அதிகபட்சம் 4.13 சென்ரிமீற்றர், காயினுடையது 3.02 முதல் 3.18 வரை என்பதால், அந்த மையம் குழியையும் காயின் நடுவையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில், காயின் நடுவிலிருந்து ஏறத்தாழ 3.6 சென்ரிமீற்றர் பின்னால் அமையும்.

பழகும்போது ஸ்ட்ரைக்கரையே காயின் பின்புறம் அந்தக் கோட்டில் ஒட்டி வைத்து, அதன் நடு வரும் இடத்தை மனதில் பதித்த பின்னர் எடுத்து அடியுங்கள். ஒரே காயை ஒரே இடத்தில் வைத்து இருபது முறையாவது மெதுவாக அடித்துப் பார்த்த பிறகே கோணத்தை மாற்றுவது நல்லது. மாரி காலத்து ஈரத்தில் பவுடர் கட்டிபட்டுக் காய் இழுபடும். அந்நாட்களில் தவறும் அடிகளுக்கு முறையைக் குறை சொல்ல வேண்டாம்.