மார்ச் முதல் மே வரை: பினாங்கில் பிள்ளைகளுக்கான வாய்ப்புகளைப் பிடிப்பது எப்படி?

பங்குனி வெயில் ஏறும்போது பினாங்குச் சாலையோரத்துத் தெக்கோமா மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கும். நம் ஊரில் வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிவு, யுபியு (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பம்), மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு), தமிழ்ப் புத்தாண்டு நிகழ்ச்சிகள், விடுமுறை முகாம்கள், போட்டிகள் எல்லாம் இந்த மூன்று மாதங்களில்தான் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் புலனத்தில் (வாட்ஸ்அப்) பத்துக் கை மாறி நம் வீட்டுக்குச் செய்தி வந்து சேரும்போது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் நாளைக்கு என்று இருக்கும்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பதால் இதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, தகுதியும் இருக்கிறது, ஒரே ஒரு தாள் இல்லாமல் விண்ணப்பம் நின்றுபோகும். மனசு கேட்கவில்லை. முதன்முறையாக இதில் இறங்கும் பெற்றோருக்காகவும் மாணவர்களுக்காகவும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நாள்காட்டியில் குறியுங்கள்

வீட்டில் எல்லாரும் பார்க்கிற இடத்தில், கோவிலில் கொடுத்த நாள்காட்டியே போதும், மாட்டி வையுங்கள். முதலில் பள்ளி விடுமுறையைக் குறியுங்கள். 2026 முதல் பள்ளித் தவணை மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே மார்ச்சில் ஒரு வாரமும் மே மாதக் கடைசியில் இரண்டு வாரமும் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். முகாம்களும் பட்டறைகளும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் நடக்கும்.

அப்புறம் ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம், மே 16 ஆசிரியர் தினம், மே 18 அனைத்துலக அருங்காட்சியக தினம். புத்தக தினத்தை ஒட்டி நூலகங்களிலும், மே 18ஐ ஒட்டி அருங்காட்சியகங்களிலும் குடும்பங்களுக்கான நிகழ்ச்சிகளை எதிர்பார்க்கலாம். எஸ்.பி.எம். முடிவு நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024இல் மே 27, 2025இல் ஏப்ரல் 24 என்று வந்தது. அதனால் அமைச்சு அறிவித்த உடனே சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.

படி 2: ஆவணக் கோப்பைத் தயார் செய்யுங்கள்

மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பிள்ளைக்கு ஒன்று என்று தெளிவான பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மைகாட் (அடையாள அட்டை) நகல், அப்பா அம்மா மைகாட் நகல், கடைசித் தேர்வு முடிவு, பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் விவரத் தாள், மின்சாரக் கட்டணச் சீட்டு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. இவ்வளவும் இருந்தால் பெரும்பாலான உதவித்தொகைப் பாரங்களை நிரப்பிவிடலாம். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தாலோ பிரிந்திருந்தாலோ அதற்கான சான்றையும் சேருங்கள். கூச்சப்பட்டு அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தேவை யாருக்கு அதிகமோ அவர்களுக்கு முதலிடம் கொடுக்கும் திட்டங்களில் அந்தத் தாளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர். காலையில் நாசி லெமாக் கட்டி விற்கும் அக்காவுக்கு எந்த முதலாளி சீட்டுக் கொடுப்பார்? இவர்கள் வருமான உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். யார் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்பது அந்தந்தப் பாரத்திலேயே எழுதியிருக்கும். தலைமையாசிரியர், எம்பிகேகே (கிராம சமூக நிர்வாக மன்றம்) தலைவர், சட்டமன்ற உறுப்பினர், சத்தியப் பிரமாண ஆணையர் என்று ஒவ்வொரு பாரமும் ஒவ்வொன்று கேட்கும். பிப்ரவரியிலேயே போய் ஒரு கடிதம் வாங்கி வைத்தால், மே மாதத்தில் அதைப் புதுப்பிப்பது எளிது. உங்கள் முகமும் அங்கே தெரிந்திருக்கும்.

இப்போது முக்கால்வாசி விண்ணப்பம் இணையத்தில்தான். ஆகவே ஒவ்வொரு தாளையும் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரியும்படி கைப்பேசியில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். கோப்புக்குப் பிள்ளையின் பெயரையும் ஆவணத்தின் பெயரையும் வையுங்கள். வெறும் எண்ணாக இருந்தால் இரவு பதினொன்றரைக்கு, இணையத்தளம் நத்தை மாதிரி நகரும் நேரத்தில், எது பிறப்புச் சான்றிதழ் எது மின்கட்டணம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதே கோப்புகளை அம்மா கைப்பேசியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

படி 3: செய்தியை ஊற்றுக்கண்ணிலேயே பிடியுங்கள்

புலனக் குழுவை மட்டும் நம்பாதீர்கள். பினாங்கு இந்து அறப்பணி வாரியம், மித்ரா (இந்தியர் மேம்பாட்டுக்கான மத்திய அரசுப் பிரிவு), உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், உங்கள் பள்ளி ஆகிய நான்கின் முகநூல் பக்கங்களையும் பின்தொடருங்கள். உயர்கல்வி மாணவர்களுக்கு அறப்பணி வாரியம் கல்வி உதவி வழங்கி வருகிறது. மித்ரா வழியாகப் பாலர் பள்ளிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் உதவி கிடைத்திருக்கிறது. மாநில அரசின் ஐ-செஜாத்திரா நலத்திட்டத்திலும் மாணவர்களுக்கென்று பிரிவு உண்டு. மாநிலத்தில் 40 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சேவை மையத்தைத் தேடிப் போகலாம். உங்கள் தொகுதி எது என்று தெரியாவிட்டால் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியே ஓர் எச்சரிக்கை. உதவித்தொகை வந்திருக்கிறது, இணைப்பைத் தட்டுங்கள், முன்பணம் கட்டுங்கள் என்று வரும் செய்தியை நம்பவே வேண்டாம். வங்கிக் கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் உறுதிப்பாட்டு எண்ணையோ யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையும் அழையுங்கள்.

படி 4: செலவில்லாமல் ஒரு நாள் வெளியே

முதல் முறை என்றால் பெரிய நிகழ்ச்சிக்குப் போக வேண்டாம். இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கிளம்புங்கள். பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்கள் பெர்ரியில் வாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கடல் பயணமே போதும். ஜெட்டியில் இறங்கியதும் ஜார்ஜ்டவுனைச் சுற்றும் கேட் (CAT) எனும் இலவசப் பேருந்து கிடைக்கும். லிட்டில் இந்தியாவில் இறங்கி குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். 1833இல் எழுந்த கோவில் அது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி பெற்ற நகரப் பகுதிக்குள்ளே நம் முன்னோர் கட்டியது நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில்தான் இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். பினாங்கில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மதியத்துக்குமேல் கொம்தாரிலிருந்து 10ஆம் எண் பேருந்தில் ஏறினால் தாவரவியல் பூங்கா. 1884இல் உருவானது, நுழைவுக் கட்டணம் இல்லை. குரங்குகள் அதிகம், சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வையுங்கள். வெயிலோ மழையோ கூடுதலாக இருந்தால் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் பினாங்கு மின்னிலக்க நூலகம் இருக்கிறது. 2016இல் திறந்தது, இலவசம். வீட்டில் இணையமோ அமைதியோ கிடைக்காத படிவம் 4, 5 மாணவர்கள் அங்கே போய்ப் படிக்கலாம். விண்ணப்பங்களை நிரப்பவும் நல்ல இடம். பெருநிலத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் ஜெயாவில் மாநில நூலகம் இருக்கிறது.

கொம்தாரில் உள்ள டெக் டோம் அறிவியல் மையத்துக்குக் கட்டணம் உண்டு. தனித்தனியாகப் போவதைவிடப் பள்ளி மூலம் குழுவாகப் போக முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 5: பார்க்கப் போகாமல் வேலை செய்யப் போங்கள்

தமிழ்ப் புத்தாண்டுக் கலை நிகழ்ச்சி, திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டி, கோவில் அன்னதானம், குடியிருப்பில் கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவுப் பணி) என எது நடந்தாலும் 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை இருக்கும். ஏற்பாட்டாளரை ஒரு வாரத்துக்கு முன்பே அழைத்து, "அண்ணே, என் மகன் உதவிக்கு வரலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் வட்டாரத்துப் புத்தாண்டு நிகழ்ச்சி ஒன்றில் படிவம் 4 மாணவி ஒருத்தியைப் பதிவு மேசையில் உட்கார வைத்தோம். குனிந்த தலை நிமிராத பிள்ளை. முதல் அரை மணி நேரம் பேனாவையும் தாளையும் தள்ளிக்கொடுத்ததோடு சரி. எழுதத் தெரியாத ஒரு பாட்டி வந்து நின்றதும் வேறு வழியில்லை. எழுந்து நின்று, "பாட்டி, பேர் சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள். பெயர் கேட்டாள், எந்தத் தாமான் என்று கேட்டாள், கையைப் பிடித்து நாற்காலிவரை கொண்டுபோய் விட்டாள். அதற்கப்புறம் வந்தவர்களை எல்லாம் அவளே எழுந்து வரவேற்றாள். வகுப்பறையில் அவளை நான்கு வார்த்தை பேச வைக்க ஆசிரியர்கள் எவ்வளவோ முயன்றிருந்தார்கள்.

இதற்கு மதிப்பெண்ணும் உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான யுபியு தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்து, பள்ளி பதிவுசெய்யும் பாஜ்ஸ்க் (PAJSK) எனும் உடற்கல்வி, விளையாட்டு, புறப்பாட மதிப்பீட்டிலிருந்து வருகிறது. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பங்கேற்பின் நிலை உயர உயரப் புள்ளியும் உயரும். சமூக சேவைக்கும் நிலாம் (NILAM) எனும் பள்ளி வாசிப்புத் திட்டத்துக்கும் கூட அதில் இடமுண்டு. போட்டி நிறைந்த படிப்புகளில் ஒரு புள்ளி, அரைப் புள்ளியில் இடம் கைமாறும்.

ஆகவே நற்சான்றிதழை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். அதில் பிள்ளையின் பெயர் மைகாட்டில் உள்ளபடி இருக்கிறதா, நிகழ்ச்சியின் பெயர், தேதி, எந்த நிலை என்பது எழுதியிருக்கிறதா, ஏற்பாட்டாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் பள்ளி ஏற்காமல் போகலாம். மூன்று மாதம் கழித்துச் செயலாளரைத் தேடி அலைவது பெரும்பாடு. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன், கோப்பில் ஒன்று, வகுப்பாசிரியரிடம் ஒரு நகல். ஆசிரியர் பதிவு செய்துவிட்டாரா என்று மரியாதையாக ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 6: எஸ்.பி.எம். முடிவு வரும் வாரம்

முடிவு வருவதற்கு முன்பே யுபியுவுக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் விண்ணப்பம் திறந்துவிடும். முடிவு வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டுக்கும் போட்டுவிடுங்கள். 10ஏ அல்லது அதற்கு மேல் பெறுவோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. அப்படிப்பட்ட பிள்ளையும் விண்ணப்பத்தைப் போட்டுத்தான் ஆக வேண்டும். கப்பளா பத்தாஸிலேயே மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது.

முடிவு கையில் கிடைத்ததும் யுபியுவில் மறுபடி நுழைந்து விருப்பப் படிப்புகளை வரிசை மாற்றக் கொஞ்ச நாள் கொடுப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மூத்த மாணவர் ஒருவரையோ ஆசிரியரையோ பக்கத்தில் உட்காரவைத்து, சென்ற ஆண்டுகளின் தகுதிப் புள்ளியைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஆசிரியராக ஆசைப்படும் பிள்ளைக்கு ஆசிரியர் கல்விக் கழகத்தின் விண்ணப்பம் தனி. அதைத் தனியாகக் கவனியுங்கள்.

ஆறாம் படிவத்தை நம்மவர்கள் ஏனோ கடைசி வழியாகவே பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை, செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் இதை ஒருமுறை தீர யோசியுங்கள்.

கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளைக்கு நிபோங் திபாலிலும் கப்பளா பத்தாஸிலும் மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள், பெர்மாத்தாங் பாவிலும் பாலிக் புலாவிலும் போலிடெக்னிக், பாயான் லெப்பாஸில் 1989 முதல் இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நேரே போய்ப் பட்டறையைச் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். எந்திரத்தைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இடம் கிடைத்தபின் பிடிபிடிஎன் எனும் அரசின் உயர்கல்விக் கடன் தேவைப்படலாம். அதற்குப் பிள்ளையின் பெயரில் எஸ்எஸ்பிஎன் (தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டம்) சேமிப்புக் கணக்கு வேண்டும். அதை மே மாதத்திலேயே திறந்து, கணக்கு எண்ணை அந்தப் பிளாஸ்டிக் கோப்பின் உள்அட்டையில் எழுதி வையுங்கள். படிவம் 4இல் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுக்கான கோப்பையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள்.