முதல்ல குடித்தனக்காரர், அப்புறம்தான் வீடு

குன்னூர்ல ஒரு பேங்க்கோட கடன் பிரிவுல இருந்து ஓய்வு பெற்றவ நான். இப்போ பெட்ஃபோர்டு பக்கம் மூணு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கேன். மலையில வீடு வாங்கி வாடகை பார்க்கலாம்னு கீழ இருந்து வர்றவங்க முதல்ல கேட்கிறதே "வியூ எப்படிங்க?"ன்னுதான். வியூவா வாடகை கொடுக்கப் போகுது?

யார் குடி வருவாங்கன்னு முதல்ல யோசிங்க. வெலிங்டன்ல, அருவங்காடு தொழிற்சாலையில வேலை பார்க்கிறவங்க, ஸ்கூல் டீச்சருங்க, மாற்றல்ல வர்ற ஆபீஸ்காரங்க. இவங்களுக்கு வேணும்கிறது நடந்து போற தூரத்துல பஸ் ஸ்டாப், கோடையிலயும் தண்ணி, துணி காயற அளவு வெயில். பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனிக்காக மாசம் 3,000 கூடக் கொடுக்கிற டீச்சரை நான் பார்த்ததே இல்ல.

இப்ப கணக்கு. ஒரு உதாரணத்துக்கு வீடு 40 லட்சம், வாடகை 12,000ன்னு வைங்க. வருஷத்துக்கு 1,44,000. ஒரு மாசம் காலியா கிடக்கும்னு 12,000 கழிங்க. வீட்டு வரி, பெயிண்ட், பைப் ரிப்பேர்னு 20,000 கழிங்க. மிச்சம் 1,12,000. முத்திரைத்தாள் 7, பதிவு 2ன்னு 9 சதவீதம், அதாவது 3.6 லட்சம் மேல ஆகும். 43.6 லட்சம் போட்டு வர்றது 2.6 சதவீதம்தான்.

கடன் வாங்கினா? 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்புல 80 சதவீதம்தான் உச்சம். அப்போ 32 லட்சம். பதிவுச் செலவை அதுல சேர்க்க மாட்டாங்க. ஆக 11.6 லட்சம் கையில இருந்தாதான் பேச்சே. 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா இ.எம்.ஐ. 28,791. செலவு போக வாடகை 9,333. மாசா மாசம் 19,000க்கு மேல சம்பளத்துல இருந்து போகும். பேங்க் 32 லட்சம் கொடுக்கத் தயார்ங்கிறதுக்காக வாங்கணும்னு இல்ல. செலவு போன வாடகைக்குள்ள இ.எம்.ஐ. அடங்கணும், இந்த வீட்டுக்கு அப்படிப் பார்த்தா 10 லட்சம் கடன்தான் தாங்கும்.

அதனாலதான் நான் போர்ஷன் வீட்டுப் பக்கம் நிக்கிறேன். அதே 40 லட்சத்துக்குக் கொஞ்சம் பழைய வீடு, மூணு சமையலறை, போர்ஷனுக்கு 7,000ன்னா வருஷம் 2,52,000. ஒவ்வொண்ணும் ஒரு மாசம் காலி, ரிப்பேருக்கு 35,000ன்னு கழிச்சாலும் மாசம் 16,000க்கு மேல நிக்கும். ஒருத்தர் காலி பண்ணினாலும் ரெண்டு பேர் வாடகை வந்துட்டிருக்கும்.

"டூரிஸ்ட்டுக்கு விட்டா சீசன்ல ஒரு நாளைக்கு 5,000 வரும்"னு புரோக்கர் சொல்றதை 365ஆல பெருக்காதீங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிங்க முன்கூட்டியே ஆன்லைன்ல அனுமதி எடுக்கிற இ-பாஸ் 2024 மே மாசமே வந்துடுச்சு. 2025 ஏப்ரல்ல வண்டிகளுக்கு உச்சவரம்பும் போட்டாங்க: குன்னூரும் சேர்ந்த நீலகிரிக்கு வார நாள்ல 6,000, சனி ஞாயிறு 8,000.

பத்திரம் பார்க்கிறப்ப அவசரமே கூடாது. மூலப் பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, இதெல்லாம் எந்த ஊர்லயும் கேட்கிறதுதான். மலையில கூடுதலா, கட்டட அனுமதி வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு வீட்டைச் சுத்துங்க. இங்க கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் கட்டுப்பாடு இருக்கு. வரைபடத்துல இல்லாத மாடிக்கு இன்னிக்கு வாடகை வரலாம், நாளைக்கு சீல் வரலாம். கூடலூர் பக்கம்னா "செக்‌ஷன் 17 நிலமா?"ன்னு கேட்காம முன்பணம் கொடுக்காதீங்க, பழைய ஜமீன் மாதிரியான நில உரிமையை ஒழிச்ச 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல சிக்கின நிலம் அது. மசினகுடி, சீகூர்னா யானை வழித்தடத்துல வருதான்னு பாருங்க. 2020ல சுப்ரீம் கோர்ட்டே அதை உறுதி பண்ணிடுச்சு. பேங்க் வக்கீல் பார்த்துட்டாரேன்னு இருந்துடாதீங்க. அவர் பார்க்கிறது பேங்க்கோட பாதுகாப்பை. உங்களுக்குன்னு தனியா ஒருத்தரை வெச்சுக்கோங்க.

வீட்டை மே மாசம் பார்த்தா எல்லாமே அழகாத்தான் இருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருசு. நவம்பர்ல வந்து பாருங்க. ஹால்ல நின்னு காபி குடிச்சுட்டுக் கிளம்பாம, பின்பக்கம் போங்க. மண்ணை வெட்டின சரிவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவுல ஆள் நடக்க இடம் இருக்கா? தடுப்புச் சுவர்ல தண்ணி வடியற ஓட்டைங்க இருக்கணும், மழையில அதுல தண்ணி சொட்டணும். சொட்டாம சுவர் மட்டும் நடுவுல வயிறு தள்ளி நின்னா, உள்ள தண்ணி கட்டி மண்ணு தள்ளுதுன்னு அர்த்தம். 2009 நவம்பர்ல இந்தப் பக்கம் மண்சரிவுல என்ன ஆச்சுன்னு பக்கத்து வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க. அப்படியே பீரோவைத் திறந்து மோந்து பாருங்க. புது பெயிண்ட் சுவர்ல இருக்கிற பூஞ்சையை மறைக்கும், பீரோ வாசனையை மறைக்காது.

வரியைச் சுருக்கமா சொல்லிடறேன். வீட்டு வரி போன வாடகையில 30 சதவீதம் ரசீது கேட்காமலே கழிவு. கடன் வட்டியும் கழியும். ஆனா புதிய வரி முறையில, வட்டியால வர்ற நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. ஆடிட்டர்கிட்ட இதை முன்னாடியே கேட்டுக்கோங்க.

குடி வைக்கிறப்ப ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும். இது தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம், 2019ல இருந்து அமல்ல இருக்கு. சொந்தக்காரப் பையன்னாலும் எழுதுங்க. இ.எம்.ஐ. நெருக்கினா, மாச வாடகைக்குப் பதிலா 5 லட்சம் போக்கியத்துக்கு விட்டுடலாம்னு யாராவது யோசனை சொல்லுவாங்க. அந்த 5 லட்சம் வருமானம் இல்ல, காலி பண்ற அன்னிக்கு மொத்தமா திருப்பித் தரவேண்டிய கடன். டெபாசிட்ல போட்டு வைக்க முடியும்னா வாங்குங்க, முடியாதுன்னா மாச வாடகையே போதும்.