அடிபட்ட மூளையில் மைக்ரோகிளியாவைப் பிரித்தறிய

மைக்ரோகிளியா என்பவை மூளையிலேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள். அடிபட்ட மூளைக்குள் இரத்தத்திலிருந்து நுழையும் வெள்ளணுக்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிவதே இங்கே வேலை. வேலூரில் மே மாத வெயில் அடிக்கும்போது, ஐஸ் பெட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சுண்டெலியைத் தொடுவேன். குளிர் குறைந்தால் செல்கள் சாகும். செத்தவை கண்ட சாயத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும்.

இதயத்தின் வழியே குளிர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்துங்கள். கல்லீரல் வெளுக்கும்வரை நிறுத்தாதீர்கள். எஞ்சிய இரத்தத்தின் வெள்ளணுக்கள் மூளைக்குள் ஊடுருவியவைபோலத் தோன்றும். திசுவைச் செல்களாகப் பிரித்து, 70 மைக்ரான் வலையில் வடித்து, பெர்கால் என்னும் அடர்த்திக் கரைசலில் (30 சதவீதம்) சுழற்றுங்கள். மேலே மிதக்கும் மயலினை (நரம்பிழைகளின் கொழுப்பு உறையை) முழுவதும் உறிஞ்சி எடுங்கள். பிறகு எதிர்ப்பொருள்கள் தவறான இடத்தில் ஒட்டாமல் காக்கும் எஃப்சி தடுப்பான், இறந்த செல்லைக் காட்டும் சாயம், குறியீடுகளில் ஒட்டும் சாயமேற்றிய எதிர்ப்பொருள்கள் ஆகியவற்றைச் சேருங்கள்.

பொறுமை வேண்டியது, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் திரையின் முன்னால்தான். சிடி11பி, சிடி45, எல்ஒய்6ஜி போன்றவை செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதக் குறியீடுகள். ஒற்றைச் செல், உயிருள்ளது, சிடி11பி கொண்டது என்று வரிசையாகச் சலியுங்கள். சிடி45 நடுத்தரமாக இருப்பவை மைக்ரோகிளியா. அது மிகுந்தவை பெரும்பாலும் இரத்தத்திலிருந்து வந்த வெள்ளணுக்கள். அவற்றில் எல்ஒய்6ஜி கொண்டவை நியூட்ரோஃபில்கள். எல்ஒய்6ஜி இல்லாமல் எல்ஒய்6சி மிகுந்தவை மோனோசைட்டுகள்.

ஆனால் அடிபட்ட மூளையில் மைக்ரோகிளியாவும் சிடி45ஐ உயர்த்திக்கொள்ளும். மைக்ரோகிளியாவை அடையாளம் காட்டும் பி2ஆர்ஒய்12 என்ற குறியீடு குறையும். ஒரே குறியீட்டை நம்பி எல்லை போடுவதை நான் ஏற்கமாட்டேன். மைக்ரோகிளியாவின் இன்னொரு குறியீடான டிமெம்119ஐயும் சேருங்கள். அறுவை மட்டும் செய்து அடி கொடுக்காத சுண்டெலியின் மூளையையும், ஒவ்வொன்றிலும் ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்ட குழாய்களையும் அதே நாளில் ஓட்டி, அவற்றைப் பார்த்தே கோடு வரையுங்கள்.