கொழும்புக்கு இரண்டு நாள் பயணமா? மணிக்கூட்டைப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

விமானச் சீட்டில் கொழும்பு என்று இருந்தாலும் இறங்குவது கட்டுநாயக்கவில். கொழும்பின் மையமான கோட்டைப் பகுதியிலிருந்து வடக்கே 30 கிலோமீற்றருக்கும் மேல். நீர்கொழும்புதான் அதற்குப் பக்கத்து ஊர். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் திட்டம் போடும்போது தூரத்தைப் பார்க்கிறார்களே தவிர, அந்தத் தூரத்தை எத்தனை மணிக்குக் கடக்கப் போகிறோம் என்று பார்ப்பதில்லை. சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதைதான்.

2013இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலை கட்டுநாயக்கவிலிருந்து களனிப் பாலத்தடி வரை வருகிறது. கிட்டத்தட்ட 26 கிலோமீற்றர், அரை மணிக்குள் முடிந்துவிடும். சிக்கல் இருப்பது பாலத்துக்கு இந்தப் பக்கம், நகருக்குள். காலையில் அலுவலக நேரம், மாலையில் ஐந்திலிருந்து ஏழரை வரை, இவை எல்லா ஊரிலும் உள்ளவை. வெளியூரார் கணக்கில் எடுக்காதது மதியம் ஒன்றரை மணி. பள்ளிக்கூடம் விடும் நேரம் அது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் பள்ளி வான்கள் வீதியை நிரப்பிவிடும். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேப்பைத் திறந்து, அது காட்டும் நிமிடத்தை மறுநாள் மாலைக்கும் நம்பிவிடக் கூடாது.

வரும்போது தாமதமானால் அலுப்பு மட்டும்தான். திரும்பிப் போகும்போது தாமதமானால் விமானம் போய்விடும். இரவு பத்து மணி விமானம், கடைசி இரவுச் சாப்பாட்டை நகரின் தென்பக்கத்து வெள்ளவத்தையில் ஏழு மணிக்கு முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று போடும் கணக்கு தேறாது. ஏழு மணிக்கு நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அங்கே உள்ளே நுழையும் வாசலிலேயே பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், அதற்கே ஒரு வரிசை இருக்கும். ஆகவே வெள்ளவத்தையை விட்டு நான்கு மணிக்கே புறப்படுவதுதான் புத்தி. அன்று மதியச் சாப்பாட்டை நிறைவாக வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை விமானம் என்றால் கடைசி இரவு நீர்கொழும்பிலேயே தங்கிவிடலாம்.

நடுநிசிக்குப் பிந்திய விமானங்களில் தேதியும் குழப்பும். 15ஆம் தேதி 00.45 என்றால் 14ஆம் தேதி இரவே போய் நிற்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நின்று பயனில்லை.

இறங்கியதும் வாகனம். வருகை மண்டபத்திலேயே டாக்சிக்கான மேசைகள் இருக்கின்றன, பிக்மீ, ஊபர் செயலிகளும் வேலை செய்யும். செயலிக்கு இணையம் வேண்டும் என்பதால் சிம் வாங்குவதை வெளியே வந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். பேசி எடுக்கும் வண்டி என்றால், ஏறுமுன் ஒரே கேள்வி: ஹைவேக் காசும் சேர்த்துத்தானா? இதைக் கேட்காவிட்டால் சில வண்டிகள் சீதுவை, ஜா-எல, வத்தளை என்று பழைய நீர்கொழும்பு வீதியால் ஊர்ந்துகொண்டு போகும். ஆட்டோவுக்கு ஹைவேயில் அனுமதியே இல்லை; காசு குறைவு என்று அதில் ஏறினால் அந்தப் பழைய வீதிதான், மடியில் பெட்டியோடு. 187ஆம் இலக்க பஸ் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் விடும். ஒற்றை ஆளுக்கு, தோள்பையோடு, பகலில் என்றால் அதுவே போதும். அங்கிருந்து காலி வீதிக்கு 100, 101 பஸ்கள் இருக்கின்றன. பிள்ளைகுட்டியோடு நான்கு பெட்டி என்றால் வேண்டாம்.

சொந்தக்காரர் வான் பிடித்து வந்து ஏற்றுவார்கள் என்பவர்களுக்கும் ஒரு சொல். இறங்குவது ஒருவர், கூட்டிப் போக வருவது ஒன்பது பேர் என்றால் உங்கள் பெட்டிக்கு எங்கே இடம்? முன்கூட்டியே சொல்லி வைப்பது தப்பில்லை.

தங்குமிடம் பதியும்போது “காலி வீதி” என்ற விலாசத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த வீதி கொள்ளுப்பிட்டியில் தொடங்கி தெஹிவளை, கல்கிசை தாண்டித் தெற்கே போய்க்கொண்டே இருக்கும். பார்க்க வேண்டியது கொழும்புக்குப் பின்னால் வரும் எண்: 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை. கோயிலும் சைவக்கடையும் நடை தூரத்தில் வேண்டும் என்றால் 4 அல்லது 6. ஆடிவேல் திருவிழா நாட்களில் வந்தால் மட்டும் தேர் வரும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே தேர் வரும்போது வாகனங்கள் நகராது.

இனிச் சாப்பாடு. கொழும்பில் எந்தக் கடை நல்லது என்று கேட்பவர்கள், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல் எல்லாம் காலையில்தான் சூடாகக் கிடைக்கும். சோறும் கறியும் மதியத்துக்கு உரியவை. இரண்டு மணி தாண்டினால் நல்ல கறிகள் சட்டியில் வழித்தெடுக்கும் நிலைக்கு வந்துவிடும். பொழுதுபட்ட பிறகுதான் தகட்டில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தமும் அப்பச் சட்டிகளும் களைகட்டும். மதியம் கொத்துக் கேட்டு, இரவு சோறும் கறியும் தேடி அலைந்து, கடைசியில் ஃப்ரைட் ரைஸில் முடிப்பவர்கள் ஏராளம்.

மாலைத் தேநீருக்குக் கடையில் உட்கார்ந்தால், கேட்காமலேயே ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் அடுக்கிய ஒரு தட்டு மேசைக்கு வரலாம். பதற வேண்டாம், தின்றதற்கு மட்டும்தான் காசு. ஆனால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் திரும்ப வைப்பது அழகல்ல.

சைவம் சாப்பிடுவோர் கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. சைவக்கடைக்கு வெளியே தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு சேர்ப்பது வழக்கம். மரக்கறிக் கொத்து என்று கேட்டாலும் முட்டை போட்டே வரலாம், மாட்டுக் கொத்துப் போட்ட அதே தகட்டில். “முட்டையும் வேண்டாம், மாசியும் வேண்டாம்” என்று இரண்டையும் சொல்லுங்கள். அதுவும் மனதுக்கு ஒப்பாது என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனையில் சைவக்கடைகளுக்குப் பஞ்சமில்லை.

கடலோரத்துக் காலிமுகத்திடலில் இறால் வடையை விட்டுவிடக் கூடாது. ஞாயிறு மாலையை மட்டும் தவிர்க்கலாம், அன்று ஊரே அங்கேதான்.

குளிரூட்டிய உணவகங்களில் பட்டியலில் உள்ள விலையோடு கணக்கை நிறுத்தாதீர்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணமும், 2024 தொடக்கம் 18 சதவீதமான வற் வரியும் பல இடங்களில் மேலே ஏறும். விலையில் இவை அடக்கமா என்று முதலிலேயே கேட்பதில் வெட்கம் எதற்கு? 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவின் யுபிஐ இங்கும் செல்லும் என்றாலும், சின்னக் கடைக்கும் ஆட்டோவுக்கும் கையில் இலங்கை ரூபாய் இருக்கட்டும், சில்லறையாக. பௌர்ணமி நாளென்றால் மது விற்கமாட்டார்கள். அதை நம்பி விருந்து வைக்க வேண்டாம்.

திரும்பிப் போகும்போது வீட்டார் இடியப்பப் பார்சலும் சொதியும் கட்டித் தருவார்கள். சொதியும் திரவம்தான், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. ஒன்றில் வண்டியிலேயே சாப்பிட்டு முடியுங்கள், இல்லையென்றால் சம்பலோடு மட்டும் கட்டச் சொல்லுங்கள்.