யாங்கோன் கோடைக்கு நாலு லோஞ்சி: துணி வாங்குவது முதல் முடிச்சு நிற்பது வரை

மார்ச் முதல் மே வரை யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், தங்க வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பாதிக்குப் பாதி ஜீன்ஸ்தான் இருக்கும். அதை அப்படியே மூடி வைத்துவிடுங்கள். ஏப்ரலில் பகல் வெயில் 37 டிகிரியைத் தொடும், கூடவே புழுக்கம். ஜீன்ஸ் போட்டு இரண்டு நாள் சுற்றினால் தொடையிடுக்கில் வேர்க்குரு வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஊர் மக்கள் கட்டும் லோஞ்சிதான் இந்த வெயிலுக்கு ஏற்ற உடை. காலுக்குள் காற்று போகும், துவைத்துப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் காயும், வேலைக்கும் பகோடாவுக்கும் (புத்தர் கோயில்) கல்யாணத்துக்கும் அதையே கட்டலாம்.

"கைலிதானே, நமக்குத் தெரியாததா?" என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கட்டம் போட்ட துணிகளை இந்த ஊர் அந்தக் காலத்திலேயே விரும்பிக் கட்டியது உண்மைதான். ஆனால் கட்டும் முறை வேறு, அதற்குள்ள மரியாதையும் வேறு. நம் ஊரில் கைலி வீட்டோடு சரி. இங்கே பள்ளி ஆசிரியர், வங்கி அதிகாரி, அமைச்சர் எல்லோரும் லோஞ்சியில்தான் வருவார்கள். அதனால் மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கும் வழக்கமும் இங்கே இல்லை. ஓடியாடி வேலை செய்யும்போது தார்ப்பாய்ச்சிக் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் இறக்கிவிடுவார்கள்.

ஆண்கள் கட்டுவது பஸோ, பெண்கள் கட்டுவது தமெயின். இரண்டுக்கும் பொதுப் பெயர் லோஞ்சி.

எத்தனை வேண்டும்

மூன்று மாதத்துக்கு ஒருவருக்கு நாலு லோஞ்சி போதும். தினசரிக்கு இரண்டு, நல்ல இடங்களுக்குப் போக ஒன்று, வீட்டுக்கும் தண்ணீர்த் திருவிழாவுக்கும் கெட்டித் துணியில் ஒன்று. மேலுக்கு ஐந்து சட்டை அல்லது ஐந்து ரவிக்கை. பட்டு வாங்க ஆசைப்படுகிறவர்கள் கோடை முடிந்து ஊர் திரும்பும் வாரத்தில் வாங்குங்கள். அமரபுரத்தில் நெய்யும் அலை அலையான அச்செய்க் பட்டு கண்ணைப் பறிக்கும், ஆனால் இந்த வேர்வையில் ஒரே நாளில் இடுப்பில் கறை விழும்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பச்சை லோஞ்சியும் வெள்ளைச் சட்டையும் சேர்த்துப் போடாதீர்கள். அது அரசுப் பள்ளிச் சீருடை. மாணவர்களும் ஆசிரியர்களும் அதைத்தான் உடுத்துகிறார்கள். பச்சை பிடித்திருந்தால் மேலுக்கு வேறு நிறம் போடுங்கள்.

படி 1: துணி வாங்குதல்

தினசரித் துணிக்கு தெய்ஞ்சி சந்தைக்குப் போங்கள். நம் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்று சொல்லும் அதே இடம். 1926-இல் கட்டிய போஜோ ஆங் சான் சந்தை, அதாவது பழைய ஸ்காட் மார்க்கெட், பார்க்க அழகு. பட்டுக்கும் கைத்தறிக்கும் அது நல்ல இடம், தினசரிக் கட்டத் துணிக்கு அல்ல. திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் "ச்சி லோஞ்சி" என்று கேளுங்கள். ச்சி என்றால் பருத்தி. பட்டுக்குப் போ என்பார்கள். பருத்தி என்று சொல்லிப் பாலியெஸ்டர் கலந்த துணியைக் காட்டுவதும் நடக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி நுனியில் கடினமான மணியாகத் திரளும். பாலியெஸ்டர் புழுங்கும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அது வழுக்கும். புதிதாகக் கட்டப் பழகுகிறவருக்கு முடிச்சு நிற்கவே நிற்காது.

அளவு: வழக்கமான லோஞ்சி 2 கஜம், அதாவது 72 அங்குலச் சுற்று. இடுப்பு 38 அங்குலத்துக்கு மேல் இருந்தால் இரண்டேகால் கஜம் கேளுங்கள். இடுப்பைச் சுற்றியது போக இரண்டு பக்கமும் கைநிறையத் துணி மிஞ்சினால்தான் முடிச்சு போட முடியும். உயரத்தைத் தொப்புளிலிருந்து கணுக்கால் வரை அளந்து, நாலு விரல் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: முதலில் அலசு, பிறகு மூட்டு

பெரும்பாலோர் இதை மாற்றிச் செய்கிறார்கள். கடை வாசலிலேயே தையல்காரர் உட்கார்ந்திருப்பார், பத்து நிமிடத்தில் மூட்டிக் கொடுத்துவிடுவார். ஆசை யாரை விட்டது. ஆனால் புதுப் பருத்தி முதல் அலசலில் சுருங்கும். ஐந்து விழுக்காடு என்று வைத்தாலும் 72 அங்குலம் 68 ஆகிவிடும். அந்த நாலு அங்குலம்தான் முடிச்சுக்குள் போகவேண்டிய துணி. போதாததற்குத் தையல் நூல் சுருங்காது. துணி மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ள, மூட்டிய ஓரம் முழுக்க நெளிநெளியாக நிற்கும். எத்தனை தேய்த்தாலும் படியாது.

ஆகவே துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். கஞ்சி இளகி வரும், சாயமும் வரும். கருஞ்சிவப்பும் நீலமும் நிறையவே விடும். தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுங்கள், மூன்று நாலு தண்ணீர் ஆகலாம். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். நிற்காத சாயத்தை அலசி வெளியேற்றுவது ஒன்றுதான் வழி. நிழலில் காயவைத்து, பிறகு தையல்காரரிடம் கொடுங்கள். கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும், இரட்டைத் தையல் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு வேலை. தமெயினின் இடுப்பு விளிம்பில் மூன்று நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பருத்திப் பட்டி வைத்துத் தைக்க வேண்டும். செருகும் இடத்தில் துணி வழுக்காமல் பிடித்துக்கொள்வதும், வேர்வையை உறிஞ்சுவதும் அந்தப் பட்டிதான். பட்டித் துணியையும் முன்னரே அலசியே ஆகவேண்டும். அலசாமல் தைத்தால் பட்டி மட்டும் சுருங்கி, இடுப்பு பை வாய் போலச் சுருக்கிக்கொள்ளும், கறுப்புச் சாயமும் கீழே இறங்கித் துணியைக் கெடுக்கும். பிரித்து மறுபடி தைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கொக்கி, ஜிப் வைத்துப் பாவாடை போலத் தைத்த தமெயினும் கிடைக்கிறது. அலுவலகத்துக்கு அது வசதி. கோடைக்குச் செருகிக் கட்டும் தமெயினையே நான் சொல்வேன். சாப்பிட்ட பிறகு தளர்த்திக்கொள்ளலாம், நடுவில் வேர்த்தால் உதறிக் கட்டலாம்.

படி 3: ஆண்களுக்கான முடிச்சு

கைலியை நாம் ஒரு பக்கமாக மடித்து விளிம்பைச் சுருட்டி விடுவோம். பஸோவில் சுருட்டல் இல்லை. இரண்டு பக்கத் துணியும் நடு வயிற்றுக்கு வந்து அரை முடிச்சாகச் சேரவேண்டும்.

லோஞ்சிக்குள் இறங்கி, தையல் நடு முதுகுக்கு நேராக இருக்கும்படி வைத்துத் தொப்புள் வரை தூக்குங்கள். கீழ் விளிம்பு இரண்டு கணுக்காலிலும் ஒரே மட்டமாகத் தொடவேண்டும். இப்போது வலக்கையால் வலது விளிம்பையும் இடக்கையால் இடது விளிம்பையும் பிடித்து, முன்னால் கொண்டுவருவதற்கு முன் பக்கவாட்டில் நன்றாக இழுங்கள். முதுகுப் பக்கம் துணி தோலோடு ஒட்டிப் படியவேண்டும். அந்த இழுப்பை விடாமலே இரண்டு கையையும் தொப்புளுக்கு நேரே கொண்டுவாருங்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் போட்டு அரைச் சுற்று முறுக்கி, ஒரு நுனியை உள்ளே கீழ்நோக்கிச் செருகுங்கள். மற்ற நுனி வெளியே சின்ன மொட்டுப் போல நிற்கும்.

அவிழ்ந்தால் எங்கே தப்பு என்று பாருங்கள். முன்பக்கம் இறுக்கமாக இருந்தும் பின்னால் இறங்குகிறது என்றால் பக்கவாட்டு இழுப்புப் போதவில்லை. முன்னால் எவ்வளவு முறுக்கினாலும் பின்னால் இருக்கும் தளர்வு போகாது. மொட்டு தேங்காய் அளவுக்கு உப்பி, செருக முடியாமல் நின்றால் துணியை ஆழமாகப் பிடித்திருக்கிறீர்கள். மேல் விளிம்பில் நாலு விரல் ஆழம் மட்டும் பிடிக்கவேண்டும். காலையில் நன்றாக நின்று மதியம் மூச்சு முட்டினால், வயிற்றை எக்கிக்கொண்டு கட்டியிருக்கிறீர்கள். இயல்பாக மூச்சு விட்டபடியே கட்டுங்கள். நைலான் பனியன் மேல் கட்டினால் வழுக்கும், பருத்தி பனியன் பிடித்துக்கொள்ளும்.

கட்டியதும் மூன்று முறை குந்தி எழுந்து, மாடிப்படி ஒருமுறை ஏறி இறங்குங்கள். நின்றதா? வெளியே போகலாம். முதல் வாரம் உள்ளே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டால் தைரியமாக இருக்கும். மேலே பெல்ட் வேண்டாம், துணி மடிந்து பெல்ட்டுக்கு மேல் பிதுங்கும். தெருவில் தளர்ந்தால் ஒரு ஓரமாகத் திரும்பி அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் செய்வதுதான், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

படி 4: பெண்களுக்கு

இது சுலபம். உள்ளே இறங்கி, மிச்சத் துணி முழுவதையும் ஒரு பக்கமாக இழுத்து, வயிற்றின் குறுக்கே ஒரே அகல மடிப்பாகக் கொண்டுவந்து எதிர்ப்பக்க இடுப்பில் செருகுங்கள். சேலைக் கொசுவம் போலப் பல மடிப்பு வைக்க வேண்டாம். செருகும்போது கால்களை ஓர் அடி அகட்டி நின்றுகொள்ளுங்கள். ஒட்டி நின்று இறுக்கிக் கட்டினால் பஸ் படியில் கால் தூக்க முடியாது.

மேலுக்குச் சேலை ரவிக்கை சரிவராது. கையைத் தூக்கினால் இடுப்பு தெரியும். நீளமான சுடிதார் டாப்பும் பொருந்தாது, மடிப்பின் அழகை மறைத்துவிடும். இடுப்பெலும்பு வரை வரும் இந்த ஊர் ரவிக்கைதான் பொருத்தம். நடுவில் பொத்தான் வைத்தது யின்ஸி, பக்கவாட்டில் மூடுவது யின்போன். யின்போனில் மார்பின் மேல் துணி இரண்டு அடுக்காக வரும். அதனால் கோடைக்கு மெல்லிய வாயில் துணியில் தைத்த யின்ஸியையே எடுங்கள். ஆண்களுக்குக் காலர் இல்லாத, கழுத்துப் பட்டி மட்டும் வைத்த பருத்திச் சட்டை. லோஞ்சிக்கு மேலே விட்டுக்கொள்ளலாம்.

காலுக்கும் கோயிலுக்கும்

செருப்பு மட்டுமே. வெல்வெட் வார் வைத்தது ஒரு ஜோடி, மழைக்கு ரப்பர் ஒரு ஜோடி. பகோடாவுக்குள் செருப்பும் கூடாது, காலுறையும் கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். ஷ்வேடகோன் பகோடாவில் நண்பகலில் சலவைக்கல் பாதத்தைப் பொசுக்கிவிடும். காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பிறகோ போங்கள். அனோரதா சாலையில் இருக்கும் காளியம்மன் கோயிலுக்கு லோஞ்சியிலும் போகலாம். திருநாளுக்கு மட்டும் ஒரு வேட்டி, ஒரு சேலை பெட்டியில் இருக்கட்டும்.

துவைத்துக் காயப்போடுதல்

விருந்தாளிகள் தெரியாமல் தப்புச் செய்யும் இடம் இது. தமெயினை உயரக் கொடியில், ஆண்கள் குனியாமல் அடியில் போகும் இடத்தில் காயப்போடாதீர்கள். அதன் அடியில் போனால் ஆணின் மகிமை குறையும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக உண்டு. ஆண்கள் துணியோடு சேர்த்து ஊறவைப்பதையும் பல வீடுகளில் விரும்பமாட்டார்கள். பின்கட்டில் தாழ்வாகத் தனிக் கொடி கட்டிக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் முதல் நாளே அக்காவிடமோ அத்தையிடமோ எந்தக் கொடி என்று கேட்டுவிடுங்கள்.

இஸ்திரியை நம்ப வேண்டாம், கோடையில் மின்சாரம் அடிக்கடி போகும். லேசான ஈரம் இருக்கும்போதே தையலோடு தையல் சேர்த்து மடித்து, இரவு மெத்தைக்கு அடியில் வையுங்கள். காலையில் தேய்த்தது போலவே இருக்கும்.

பிறகு சேர்த்தது

பலரும் கேட்டது: காசையும் கைபேசியையும் எங்கே வைப்பது? இந்த ஊர் ஆண்கள் பணப்பையை முதுகுப் பக்க இடுப்பில் செருகுவார்கள். புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம், கனம் முடிச்சை இறக்கிவிடும். ஷான் தோள்பை ஒன்று வாங்கிக் குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா ஏப்ரல் நடுவில் வரும். அந்த நாட்களில் வீட்டு வாசலைத் தாண்டினாலே தலையோடு கால் நனையும். வெள்ளைத் துணியும் மெல்லிய வாயில் துணியும் உடம்பைக் காட்டிவிடும், அடர்நிறக் கெட்டித் துணிதான் சரி. நனைந்த பருத்தி கனக்கும், முடிச்சு இறங்கும். அன்றைக்கு மட்டும் ஆண்கள் உள்ளே அரைக்கால் சட்டையைக் கட்டாயம் போடுங்கள்.

தனக்கா, அதாவது இந்த ஊரார் முகத்தில் பூசும் மரக்கட்டைச் சாந்து, பூசிக்கொள்கிறவர்களுக்கு: கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டையை வட்டமாக இழைத்து, கன்னத்தில் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு மேல்சட்டையைப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் கறுப்புக் கழுத்துப் பட்டியில் வெளிர்மஞ்சள் தடம் விழும்.

மே நடுவில் மழை இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்த அதே லோஞ்சி இரண்டு நாள் எடுக்கும். அரைகுறை ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், அது போகாது. அந்தச் சமயத்தில் ஐந்தாவதாக ஒரு லோஞ்சி வாங்கிக்கொள்ளலாம், கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் ஏற்றிக் கட்டலாம்.