பழைய பொம்மை விளம்பரங்களைக் கேசட்டிலிருந்து காப்பாற்றும் முறை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக விளம்பரம் செய்யப்பட்ட பொம்மை 1952-இல் வந்த மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட். அதன்பின் வந்த எண்ணற்ற பொம்மை விளம்பரங்களுள் பல, குழந்தைகளுக்காகக் கார்ட்டூன் பதிவு செய்த வீட்டு வீடியோ கேசட்டுகளில்தான் இடையிடையே ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கின்றன. அப்படியொரு கேசட் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதல் படி, கேசட்டைப் பரிசோதித்தல். அதன் கண்ணாடிச் சாளரத்தின் வழியே சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெண்பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. பிளேயரில் போடாதீர்கள், ஏனெனில் அது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிட்டால், தவறுதலாக ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. அமெரிக்கக் கேசட்டுகள் என்டிஎஸ்சி (NTSC) என்ற அந்நாட்டுத் தொலைக்காட்சி முறையில் பதிவானவை. இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால் (PAL) முறைப் பிளேயர்களுள் சில மட்டுமே அதை ஓட்டும்.

இரண்டாம் படி, கணினிக்கு மாற்றுதல். எஸ்-வீடியோ (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் இணைப்பு) வெளியீடு உள்ள பிளேயரும், படத்தின் மேல்விளிம்பு வளைந்து ஆடாமல் நிறுத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியும் கிடைத்தால் நல்லது. 720×480 அளவில், தரம் இழக்காத எஃப்எஃப்வி1 (FFV1) என்ற வீடியோ முறையில் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி ஆகும் என்று தயங்கி மூலத்தைச் சுருக்கிவிடாதீர்கள். சுருக்கியதைப் பிறகு விரிக்க முடியாது. 30 நொடி விளம்பரத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் கேசட் முழுவதையும் வைத்திருங்கள். விளம்பரத்தின் கடைசி நொடியில் தெரியும் சிற்றெழுத்து ஆண்டு, பதிப்புரிமைக் குறிப்பின் (©) ஆண்டுதான். அது எப்போது ஒளிபரப்பானது என்பதை அருகில் வரும் நிகழ்ச்சி அறிவிப்பே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி, எழுதி வைத்தல். கேசட் யாருடையது, மாற்றியவர் யார், எந்த நாளில், எந்தக் கருவியில் என்பதை ஓர் உரைக்கோப்பில் எழுதி, வீடியோவின் ஷா-256 (SHA-256) எண்ணையும், அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணையும், அதில் குறித்து, இரண்டையும் ஒரே கோப்புறையில் வையுங்கள்.

நான்காம் படி, இணையத்தில் வெளியிடுதல். சண்டைகள் பிறக்கும் இடம் இதுதான். பதிப்புரிமையும், உழைத்தவரின் பெயரைச் சொல்லும் பெயர்க்குறிப்பும் வேறு வேறு. விளம்பரத்தின் உரிமை பெரும்பாலும் பொம்மை நிறுவனத்திடமோ விளம்பர முகமையிடமோ இருக்கும். பாட்டின் உரிமை தனியாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 1989 மார்ச் 1-க்கு முன் உரிமைக் குறிப்பின்றி வெளியானவை எல்லாம் பொதுச்சொத்து என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஒளிபரப்பு மட்டுமே அமெரிக்கச் சட்டப்படி வெளியீடு ஆகாது. மேலும் 1978-க்குப் பின் விடுபட்ட குறிப்பை ஐந்தாண்டுக்குள் சரிசெய்து உரிமையைக் காக்க வழியிருந்தது. எனவே அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

கேசட்டிலிருந்து மாற்றியவருக்கு அந்த உழைப்பினால் மட்டும் பதிப்புரிமை வந்துவிடாது. உழைப்பு மட்டும் போதாது, சொந்தப் படைப்பாற்றல் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஃபைஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே தம் பிரதியை எடுத்துப் போட்டவர்மீது அவர் டிஎம்சிஏ (அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம்) நீக்கக் கோரிக்கை அனுப்புவது தவறு; அந்தக் கோரிக்கை உரிமையாளருக்கும் அவர் அதிகாரம் அளித்தவருக்கும் மட்டுமே உரியது. அதற்காக, பெயர் குறிப்பிடாமல் எடுப்பது சரி என்று நான் சொல்லவில்லை. மட்கிய டேப்பின் முன் இரவெல்லாம் உட்கார்ந்தவரின் பெயரை ஒரு வரியில் எழுதாமல் விடுவது, சட்டம் அனுமதித்தாலும் அநியாயம்தான்.

பெயருக்காகப் படத்தின் நடுவே முத்திரை குத்துவதையும் தவிருங்கள். அதைப் பிறகு அகற்ற முயல்பவர்கள் படத்தை மேலும் கெடுப்பார்கள். டேப்பே உங்களுக்குச் சாட்சி சொல்லும். என்னிடமுள்ள ஒரு ரோபோ விளம்பரத்தில், பொம்மை லாரி ரோபோவாக மாறிக் கை விரிக்கும் கணத்தில் திரையின் இடப்பக்கம் மின்னலைப் போல ஒரு வெண்கீறல் வரும். அது அந்த டேப்பின் காந்தப்பூச்சு உதிர்ந்த இடம். வேறொருவர் பதிவிலும் அதே கணத்தில், அதே இடத்தில் அக்கீறல் வந்தால் அது அந்தக் கேசட்டிலிருந்து போனதே. இரண்டு பிரதிகளிலிருந்தும் அந்தக் காட்சியைப் படமெடுத்து, உங்கள் உரைக்கோப்புடன் இணைத்து, பெயர் சேர்க்கும்படி பணிவாக எழுதுங்கள். நிறுவனமே நீக்கச் சொன்னால் இணையப் பிரதியை எடுத்துவிட்டு, மூலக்கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் பத்திரப்படுத்துங்கள்.